பத்துக்குப் பத்தில் பண்ணை – 7: கரும்புச் சக்கை மண்ணாகும்

தாராவியில் எதையும் வாங்கிவிடலாம். நல்ல மண் மட்டும் லேசில் அகப்படாது. நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிற செம்மண் மூட்டையைப் பிரித்தால் பல சமயம் செங்கல் தூளும் ஜல்லியும் சேர்ந்தே கொட்டும். நல்ல மண்ணாகவே இருந்தாலும் கனம் இருக்கிறதே! தகரக் கூரை போட்ட மேல்மாடி அதைத் தாங்காது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ என்றால், டெரஸ் ஒழுகும் என்று சொசைட்டி செக்ரட்டரி முதல் நாளே வந்து நிற்பார். ஆகவே விதைப் பாக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மண்ணைத் தயாரிப்போம்.

அதற்கான சரக்கு தெருமுனைக் கரும்புச் சாறு கடையில் கிடக்கிறது. சாயங்காலம் ஒரு கோணிப்பையோடு போய்க் கேட்டால் சக்கையைச் சும்மாவே தருவார்கள். குப்பையில் தள்ளுகிற வேலை அவர்களுக்கு மிச்சம். மும்பைக்காரரான டாக்டர் ஆர்.டி. தோஷி இந்தச் சக்கையை வைத்தே மொட்டை மாடியில் காயும் கனியும் விளைவித்துக் காட்டினார். அடியில் சக்கை, நடுவில் மக்கிய உரம், மேலே கொஞ்சம் மண் – அவ்வளவுதான் அவர் முறை. மும்பை போர்ட் டிரஸ்ட்டின் மையச் சமையலறையைக் கவனித்துவந்த பிரீதி பாட்டீல் 2000-களின் தொடக்கத்தில் இதைக் கற்றுக்கொண்டு, ஊழியர்களுக்குச் சமைத்தபின் மிஞ்சிய தோலையும் காம்பையும் மாடிக்கே ஏற்றினார். வெறும் சிமெண்ட் தளத்தில் பழமரங்களே வளர்ந்தன. பின்னாளில் அவரும் நண்பர்களும் தொடங்கிய ‘அர்பன் லீவ்ஸ்’ குழு ஊராருக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது.

வீட்டில் செய்வோருக்கு: நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து அடியில் ஓட்டைகள் போடுங்கள். தாராவி 13-வது காம்பவுண்டில் கழுவிய பழைய டிரம் கிடைக்கும். ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சமையல் எண்ணெய் இருந்தது சரி. பெயிண்டோ ரசாயனமோ இருந்தது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சக்கையை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப் போடுங்கள். இனிப்பு ஈரத்தோடு போட்டால் எறும்பும் ஈயும் குடியேறிவிடும். பிறகு ஒரு அடுக்கு சக்கை, ஒரு அடுக்கு காய்கறித் தோல், மேலே ஒரு கை பழைய உரம் என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். அரிசி, உளுந்து களைந்த தண்ணீரைத் தெளித்தால் போதும். இட்லிக்கு ஊறப்போடுகிற வீட்டில் அதற்கா பஞ்சம்? மீன் கழிவும் மிச்சச் சோறும் கூடவே கூடாது. மும்பை எலிகளுக்கு முகவரி கொடுத்த கதையாகிவிடும்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் காய்ந்த சக்கையோ கிழித்த அட்டைப்பெட்டியோ சேர்க்க வேண்டும். நாற்றம் வருகிறதென்றால் ஈரம் மிஞ்சி, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். இரண்டு மாத அளவில் டிரம் பாதிக்கு இறங்கும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். அவசரப்பட்டு மக்காத சக்கையில் செடி வைப்பவர்கள்தான் இலை மஞ்சளாகிறது என்று புலம்புகிறார்கள். சக்கை மக்குவதற்குத் தழைச்சத்து வேண்டும்; அது கிடைக்காதபோது செடியின் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். தபேலா என்கிற மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்வர முடிந்தவர்கள் இயற்கை விவசாய முன்னோடி தாபோல்கர் வழியினரின் அமிர்த ஜலத்தைச் செய்து பார்க்கலாம்: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ பசுஞ்சாணம், 1 லிட்டர் கோமியம், 50 கிராம் வெல்லம். மூன்று நாள் கலக்கிவிட்டு, நான்காம் நாள் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும்.

குப்பையிலிருந்து மண்ணா என்று முகம் சுளிப்பவர்கள் தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வரலாம். ஊர்க் குப்பையைக் கொட்டி வைத்திருந்த 37 ஏக்கர் அது, இன்று காடு. கொட்டிக்கொண்டே போனால் என்னவாகும் என்பதைச் செம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1927 முதல் குப்பை சேர்ந்துவந்த தேவ்னார் மேடு 2016 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அவர்கள்.

அரிசி, பருப்புக்குக் கடைதான். அதை மறைத்து ஆசை காட்டுகிற மாடித்தோட்டப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு டிரம் ஓரளவு போதும். தண்டவாள ஓரத்தில் ரயில்வே நிலத்தில் விளையும் கீரைக்குச் சாக்கடை நீர் பாய்வதாக எத்தனையோ முறை செய்தி வந்தாயிற்று. டிரம் வைக்கக்கூட இடமில்லாத ஒற்றை அறைக் கோலிக்கு வெந்தயம் இருக்கிறது. மும்பைச் சந்தையில் சின்னஞ்சிறு கட்டாக விற்கும் சமுத்ர மேத்தி, கடலோர மணலில் வளர்த்து இளசாகப் பிடுங்கிய வெந்தயக் கீரைதான். அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, மக்கிய சக்கையை இரண்டு விரல் உயரம் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, ஜன்னல் கிரில்லில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கத்தரிக்கலாம். தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். கொசுப்புழு பார்க்க மாநகராட்சி ஆட்கள் வந்தால் நோட்டீஸ் கையில் வரும்.

(அடுத்த வாரம்: ஜூன் மழையும் ஜன்னல் செடிகளும்)