தினவெடுத்த குதிரையை வாங்கலாமா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில், குதிரை பார்க்க வருகிறவரின் கண் முதலில் போவது சுழிக்குத்தான். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், நெஞ்சில் உண்டா என்று விரலால் மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பார். சுழி சுத்தம் என்றால் விலை ஏறும். ஒரு சுழி பிசகினால் நல்ல குதிரையும் கட்டின இடத்திலேயே நிற்கும். மயிரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர், அதற்கு அடியில் இருக்கும் தோலைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பிடரி ஏன் இப்படி அரையும் குறையுமாக நிற்கிறது என்று கேட்டாலும் விற்பவரிடம் பதில் தயாராக இருக்கும்: "கொஞ்சம் தினவுங்க. வேப்பெண்ணெய் தடவுனா சரியாப் போயிருமுங்க."

சரியாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அது எந்தத் தினவு என்பதைப் பொறுத்த விஷயம் அது.

வட்ட வட்டமாக மயிர் கொட்டிச் செதில் உதிர்ந்தால் அநேகமாகப் படர்தாமரை. பூஞ்சையால் வருவது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். சேணம், சீப்பு, குழந்தைகளின் கை என எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே தவிர, இதற்காகக் குதிரையைக் கழிக்க வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிர்முனையில், அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. 'போக்கோ புவேனோ' என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் வம்சாவளியில் பரவியது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குட்டி, பார்வைக்கு லட்சணமாக வளரும். இரண்டு வயதில் முதன்முறையாகச் சேணம் ஏற்றும்போதுதான் முதுகுத்தோல் ஈரக் காகிதம் போலக் கிழியும். மருந்து கிடையாது. மரபணுச் சோதனை உண்டு. அதைச் செய்யாமல் அந்த வம்சத்தில் குட்டி வாங்குகிறவருக்காக நான் பரிதாபப்பட மாட்டேன்.

இந்த இரண்டிலும் முடிவெடுப்பது சுலபம். வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் மனிதரைத் தவிக்கவிடுவது மூன்றாவது ஒன்று. ஆங்கிலத்தில் 'ஸ்வீட் இட்ச்' என்பார்கள். இனிப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் அதற்குக் 'குவீன்ஸ்லாந்து அரிப்பு' என்று பெயர். குதிரைகளுக்கு வரும் ஒவ்வாமை நோய்களில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது இதுதான்.

காரணம், கியூலிகாய்டஸ் என்ற பூச்சி. கொசுவைவிடச் சிறியது, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். நம் ஆட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தப் பேரினத்துப் பூச்சிகள்தான். ஆட்டுக்கு இது கிருமியைக் கொண்டுவருகிறது. குதிரைக்கோ கிருமி எதுவும் தேவையில்லை, பூச்சியின் எச்சிலே போதும். முட்டையிட ரத்தம் வேண்டும் என்பதால் கடிப்பது பெண் பூச்சி மட்டுமே. கடிக்கும்போது, ரத்தம் உறையாமலிருக்கச் சில புரதங்களைத் தோலுக்குள் விடுகிறது. பெரும்பாலான குதிரைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலவற்றின் உடல் மட்டும் அந்தப் புரதத்தைப் பெரும்பகையாக எடுத்துக்கொள்கிறது. 'ஐஜிஈ' என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்கி, தோலிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் கண்ணிவெடி போலப் பதித்துவைக்கிறது. அடுத்த கடியில் அவை வெடித்து ஹிஸ்டமின் கொட்டும். பிறகு தொடங்குகிற அரிப்பு, மழைக்காலம் முடியும்வரை ஓயாது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் குதிரையைப் பார்க்காதீர்கள், அதைக் கட்டியிருந்த இடத்தைப் பாருங்கள். கம்பத்தில் வால் உயரத்துக்கு மயிர் ஒட்டியிருக்கிறதா? பக்கத்து வேப்பமரத்துப் பட்டை ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து மினுங்குகிறதா? அதன்பின் குதிரையிடம் வந்து, பிடரியின் அடியில் விரல்களை நுழைத்து மெதுவாகச் சொறிந்துகொடுங்கள். நோயுள்ள குதிரை கழுத்தை நீட்டி, மேலுதட்டைக் கோணி, கண்ணைச் செருகிக்கொண்டு உங்கள் கைமேலேயே சாயும். விரலுக்கடியில் தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும். வாலின் அடிப்பகுதியில் மயிர் முறிந்து, மொட்டையடித்து ஒரு மாதம் ஆன தலை போலக் குத்திட்டு நிற்கும். வயிற்றின் நடுக்கோட்டையும் தடவிப் பாருங்கள். அங்கும் பொருக்குகள் இருக்கலாம்.

இவையெல்லாம் பூச்சிக் காலத்தில் தெரிகிற அடையாளங்கள். பூச்சி இல்லாத பருவத்தில் தோல் ஆறி, பிடரி பழையபடி வளர்ந்துவிடும். ஐரோப்பாவில் இந்த நோயுள்ள குதிரையைக் குளிர்காலத்தில் பார்த்தால் குறையே தெரியாது. வாங்கினவருக்கு மே மாதத்தில்தான் விஷயம் புரியும். நம்மூரில் ஆடியில் வாங்கிய குதிரை ஐப்பசி மழையில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. விற்பதற்குச் சில நாள் முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு அடங்கிவிடும். பிரிட்டனில் வாங்குபவர் சார்பில் பரிசோதிக்கும் கால்நடை மருத்துவர், குதிரையின் ரத்த மாதிரியையும் எடுத்து ஆறு மாதம் பாதுகாக்க ஏற்பாடு செய்வது இதனால்தான். பிறகு சந்தேகம் வந்தால், விற்ற அன்று உடலில் என்ன மருந்து இருந்தது என்று பார்த்துவிடலாம். இளங்குதிரையாயிற்றே என்று நம்புவதும் தவறு. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில்தான் நோய் தலைகாட்டும்.

இந்த நோயின் சூட்சுமத்தை ஐஸ்லாந்துக் குதிரைகளைப் போல வேறெதுவும் காட்டிக்கொடுத்ததில்லை. வெளிக்குதிரை உள்ளே வரக் கூடாது என்று கி.பி. 982இலேயே சட்டம் போட்டதாக அந்நாட்டார் பெருமையோடு சொல்வார்கள். இன்றும், தீவை விட்டுப் போன குதிரை திரும்பி வர முடியாது. உலகப் போட்டிக்குக் குதிரையோடு விமானம் ஏறும் வீரர், அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத் தனியாகத்தான் ஊர் திரும்புவார். அந்தத் தீவில் இந்த ஒவ்வாமை கிடையாது, ஏனென்றால் இதைத் தூண்டும் பூச்சிகள் அங்கே இல்லை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த குதிரையை ஜெர்மனிக்கோ சுவீடனுக்கோ கொண்டுபோய், பூச்சி மிகுந்த இடத்தில் இரண்டு ஆண்டு வைத்தால் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோய் வந்துவிடுகிறது. அதே இனம் ஐரோப்பாவிலேயே பிறந்தால் பத்தில் ஒன்றுக்குக்கூட வருவதில்லை. குட்டிப் பருவத்திலேயே கப்பலேறியவையும் தப்பித்துக்கொள்கின்றன. சின்ன வயதில் கடிபட்டுப் பழகிய உடல், அந்த எச்சிலைப் பெரிதுபடுத்தாமல் விடக் கற்றுக்கொள்கிறது என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

விற்றவர் கையில் துளிக் குறையில்லாமல் இருந்த குதிரை, வாங்கியவர் கொட்டிலில் நோயாளி ஆகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். விற்பவரிடம் தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கும் குதிரை, உங்களிடம் வந்து நன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஏரிக்கரையிலிருந்து காற்றடிக்கும் மேட்டுநிலத்துக்கு மாற்றினாலே பாதித் தொல்லை குறைந்துவிடும். அதனால்தான் விற்பவரின் குதிரையை ஆராயும் முன் உங்கள் இடத்தைச் சுற்றிப் பாருங்கள் என்கிறேன். பக்கத்தில் குளம், சேற்று வாய்க்கால், மட்கிய சாணக் குவியல் இருந்தால் அது பூச்சியின் பிரசவ அறை. மலிவாகக் கிடைத்தாலும் அந்த இடத்துக்கு இந்தக் குதிரை வேண்டாம்.

இடம் காய்ந்த இடம்தான் என்றாலும் வேலை உண்டு. இந்தப் பூச்சி பறப்பதில் சோப்ளாங்கி. லேசான காற்றையே தாங்காது. லாயத்தில் ஒரு நல்ல மின்விசிறி, மருந்துக் கடைத் தைலங்கள் பலவற்றைவிட உபயோகமானது. பூச்சி மும்முரமாக இருப்பது அந்தியிலும் விடியலிலும் என்பதால் பொழுது சாயும் முன்பே உள்ளே கட்டிவிட வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இது நுழைந்துவிடும், இன்னும் நெருக்கமான வலை தேவை. வெளிநாடுகளில் கழுத்து முதல் வயிறு வரை மூடும் மெல்லிய போர்வை போடுகிறார்கள். நம் வெக்கையில் அதைப் பகலெல்லாம் போட்டுவைப்பது இன்னொரு கொடுமை. ஸ்டீராய்டு உடனே கேட்கும், ஆனால் தொடர்ந்து கொடுத்தால் குளம்பு அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. கால் போன குதிரைக்குத் தோல் அழகாக இருந்து என்ன பயன்? சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 34 ஐஸ்லாந்துக் குதிரைகளிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழற்சி செல்களை வரவழைக்கும் 'இன்டர்லூக்கின்-5' என்ற புரதத்துக்கு எதிராகக் குதிரையின் உடலையே திருப்பிவிடும் ஊசி அது. ஊசி போட்டவற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புண்கள் பாதியளவுக்குக் குறைந்தன. நல்ல செய்திதான், ஆனாலும் அதை நம்பி இன்று குதிரை வாங்க முடியாது.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஓட்டுவதற்கு மட்டும், காயடித்த ஆண்குதிரை, நோயை விற்பவரே ஒளிக்காமல் சொல்கிறார், சேணம் படும் இடத்தில் புண் இல்லை, உங்கள் இடமும் காய்ந்த இடம் என்றால், விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். குட்டி போடுவதற்கென்று வாங்கும் பெட்டைக்குக் கூடாது. இந்த ஒவ்வாமைக்கு மரபுச் சார்பு உண்டு.

இத்தனையும், அது தினவுதான் என்று உறுதியான பிறகு. காலின் உட்பக்கத்தில் கயிறு போலத் தடித்த நிணநீர்க் குழாய். அதன்மேல் மணி கோத்ததுபோல் கட்டிகள். அவை உடைந்து தேன்போல் சீழ் வடிகிறது என்றால் எண்ணெய் தடவுகிற பேச்சே வேண்டாம். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் வாங்கும். இந்தியாவில் இதற்கென்று 1899லேயே தனிச்சட்டம் வந்தது. இன்றும், நோய் உறுதியான குதிரைக்குச் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை உண்டு. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் சொன்னால் மாதிரி அனுப்ப வழிசெய்வார். அதன் முடிவு கைக்கு வரும்வரை, சுழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.