சனிக்கிழமைச் சந்தையும் வீட்டுக் கணக்கும்

மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதனை அடுத்த சோனாஜுரி மரக்காட்டில் கூடும் கைவினைச் சந்தையைப் பற்றி நம் வாடிக்கையாளர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சுற்றுலா சென்றபோது அங்கே ஒரு சேலையோ தோல்பையோ வாங்கி வந்தவர்களும் இருக்கக்கூடும். சுற்றுவட்டாரக் கிராமத்தினர் தம் கைப்பொருளைத் தாமே விற்கட்டும் என்ற எண்ணத்தில், ஓவியர் சியாமளி காஸ்த்கீர் போன்றோரின் முயற்சியால் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது உருவாயிற்று. முதலில் சனிக்கிழமை மட்டுமே கூடியதால் ‘சோனிபாரேர் ஹாட்’, அதாவது சனிக்கிழமைச் சந்தை என்று பெயர் பெற்றது. அங்கே கடை என்று எதுவும் கிடையாது. மரத்தடியில் ஒரு விரிப்பு, அதன்மேல் பொருள், அருகில் அதைச் செய்தவர், அவ்வளவே.

பணிமாற்றத்தில் அம்மாவட்டத்தில் நான் மூன்றாண்டுகள் இருந்தேன். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை என்பதால், அந்நாள்களில் சந்தைக்குச் செல்வது வழக்கமாயிற்று. வாரநாள்களில் சேமிப்புக் கணக்கின் முன் நின்ற பெண்மணிகளையே அங்கே விரிப்பின் பின்னால் கண்டேன். வீட்டில் இருந்தபடி கைப்பொருள் செய்து விற்கும் எவருக்கும், அவர் வீர்பூமில் காந்தா தைப்பவராயினும், நம் ஊரில் கூடை பின்னுபவராயினும், பயன்படக்கூடிய சில செய்திகளை அந்த அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

காந்தா என்பது ஓட்டுத்தையல். நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நூலால் இணைத்துத் தைத்துப் போர்வையாக்குவது வங்காளத்துப் பெண்களின் பழைய வீட்டுவேலை. விற்பதற்காக அன்று, பிள்ளைக்கும் பேரனுக்கும் போர்த்துவதற்காக. 1922இல் இரவீந்திரநாத் தாகூர் ஸ்ரீநிகேதனில் தொடங்கிய ஊரக மறுமலர்ச்சிப் பணியும் அதன் வழிவந்த கைத்தொழிற் பயிற்சியும் அப்பகுதிக் கைவினைகளுக்குச் சந்தையைத் தேடித் தந்தன. இன்று அதே தையல் பட்டிலும் பருத்தியிலும் சேலையாக, துப்பட்டாவாக, பையாக மாறி விற்பனைக்கு வருகிறது. மேற்கு வங்காளத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வீட்டுக்காகச் செய்த வேலை விற்பனைக்கு வந்தபோது அதன் ஒரு பழக்கமும் உடன் வந்துவிட்டது. வீட்டுவேலைக்கு நேரக்கணக்கு வைப்பவர் எவரும் இல்லை. சோறு வடித்த பின், பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் முன், மாமியார் உறங்கும் நேரத்தில் என்று இருபது நிமிடம், அரைமணி நேரமாகத் தையல் நடக்கிறது. யாரேனும் கூப்பிட்டால் ஊசியைத் துணியிலேயே குத்தி, சுருட்டி வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். இப்படிச் சிதறிக் கிடக்கும் நேரத்தை எப்படிக் கூட்டுவது? “சும்மா இருக்கும் நேரத்தில்தானே தைக்கிறேன்” என்ற விடையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொற்றொடரில் அவர்களுடைய கூலி முழுவதும் மறைந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு துப்பட்டாவைக் கொள்வோம். துணி 350 ரூபாய். நூல் 12 சிட்டம், சிட்டம் 10 ரூபாய் வீதம் 120. வடிவம் வரைந்து தருபவருக்கு 80. சலவையும் இஸ்திரியும் 50. ஆக 600 ரூபாய். சந்தையில் 1,400 ரூபாய்க்கு விற்கிறது. “எண்ணூறு ரூபாய் இலாபம்” என்பார் விற்பவர். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அது இலாபம் அன்று. அதற்குள் கூலி இருக்கிறது, சந்தைக்குப் போய்வந்த வண்டிச்சத்தம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்த நாள் இருக்கிறது. டோட்டோ வண்டிக்கும் சாப்பாட்டுக்குமாக நாளொன்றுக்கு 100 ரூபாய் செலவாகி, நான்கு உருப்படிகள் விற்றால், ஒன்றின் தலையில் 25 ரூபாய் விழும். மீதி 775.

இனி நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்று அடுப்படியில் நிற்பவரிடம் சொல்வது நடவாத காரியம். அதற்குப் பதிலாக ஓர் எளிய வழி உண்டு. பூத்தையல் நூல் பொதுவாக எட்டு மீட்டர் சிட்டமாகவே விற்கப்படுகிறது. ஒரே ஒரு சிட்டம் தைத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, எப்போதேனும் அமைதியான இரண்டு பிற்பகல்களில் ஒருமுறை அளந்துகொண்டால் போதும். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகு நேரத்தை எண்ண வேண்டியதில்லை, சிட்டத்தை எண்ணினால் போதும். பன்னிரண்டு சிட்டம், நாற்பத்தெட்டு மணி நேரம். கூடை பின்னுபவர் ஒயர் கட்டை எண்ணலாம். பின்னல் வேலை செய்பவர் நூல் உருண்டையை எண்ணலாம். தொழிற்சாலைகளில் இதற்குத் தரச்செலவுக் கணக்கு என்று பெரிய பெயர் உண்டு, அடிப்படை இதுதான்.

775 ரூபாயை 48ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 16 ரூபாய். எட்டு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டால் நாளுக்கு 129 ரூபாய். கண்ணும் முதுகும் நோகச் செய்த நுண்வேலைக்கு இது கூலியா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

விலையை உயர்த்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். மணிக்கு 40 ரூபாய் வேண்டுமானால் அதே துப்பட்டாவை 2,545 ரூபாய்க்கு விற்க வேண்டும். மரத்தடிச் சந்தையில் அந்த விலைக்கு வாங்குவோர் குறைவு. ஆனால் வேலையைக் குறைக்கலாம். உடல் முழுவதும் தைக்காமல் கரையிலும் முந்தியிலும் மட்டும் தைத்தால் ஐந்து சிட்டம், அதாவது இருபது மணி நேரம் போதும் என்று கொள்வோம். நூல் 50 ரூபாயாகக் குறைய, பொருட்செலவு 530 ஆகிறது. அதையும் 1,400 ரூபாய்க்கே விற்க முடிந்தால் மணிக்கு 42 ரூபாய் நிற்கும். சிறிய பணப்பை இன்னும் நன்று. 60 ரூபாய் செலவு, அரைச்சிட்டம் நூல், 150 ரூபாய் விலை. மணிக்கு 45 ரூபாய். அதற்காகப் பணப்பையையே தைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. விரிப்பின் நடுவே நான்கு பெரிய சேலைகள் இருந்தால்தான் வழிப்போக்கர் நிற்கிறார். நின்றவர் பணப்பையை வாங்குகிறார். எதை வைத்து ஆளை நிறுத்துவது, எதை வைத்துக் கூலியை எடுப்பது என்று தெரிந்து பொருளைக் கலந்து கொண்டுசெல்வதே திறமை.

பேரம் பேசுவோர்க்கும் ஒரு சொல். 1,400 ரூபாய்ப் பொருளில் பத்து விழுக்காடு குறைப்பது 140 ரூபாய். துணிக்காரரும் நூல்காரரும் அதில் தம் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. அந்த 140 ரூபாயும் தைத்தவரின் 775 ரூபாயிலிருந்தே போகிறது. அவருக்கு அது பதினெட்டு விழுக்காட்டுக் கூலிக் குறைப்பு. நாமும் சந்தைக்குப் போகிறவர்கள்தாம், ஆகவே சொன்னேன்.

வங்கியாளனாக எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. விற்ற பணம் எங்கே போகிறது என்பது. கணக்குப்பதிவியலின் முதற்பாடங்களுள் ஒன்று தனித்தன்மைக் கருத்து: உரிமையாளர் வேறு, வணிகம் வேறு. உரிமையாளர் தம் தேவைக்காக வணிகத்திலிருந்து எடுக்கும் பணத்துக்கு ‘எடுப்பு’ என்று பெயர். அதைத் தனியே எழுத வேண்டும். மாலையில் சந்தையிலிருந்து திரும்பும் வழியிலேயே மீனும் பள்ளி நோட்டும் மருந்தும் வாங்கிவிடும் வீட்டில் இந்த எடுப்பை எழுதுவோர் யார்? அடுத்த வாரம் துணி வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, தொழில் நட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொழில் நட்டப்படவில்லை, வீடு அதை உண்டுவிட்டது. வீடு உண்பது தவறும் அன்று, அதற்காகத்தானே உழைக்கிறோம். எவ்வளவு என்பது தெரிந்திருந்தால் போதும். பொருட்செலவாகிய 600 ரூபாயை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத் தாராளமாக வீட்டுக்கு எடுக்கலாம். ஒரு துணிப்பையில் இரண்டு அறை வைத்துத் தைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களை அங்கே பார்த்தேன், கணினி தேவைப்படவில்லை.

இப்போது சந்தையில் பாதிப் பேர் யூபிஐ மூலம் பணம் தருகிறார்கள். விரிப்பின் மேல் க்யூஆர் அட்டையும் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் பெயரைக் கவனித்தால் பல இடங்களில் கணவர் பெயரோ மகன் பெயரோ இருக்கும். திறன்பேசி அவர்களுடையது என்பதே காரணம். குடும்பத்துக்குள் இதனால் பூசல் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆண்டுகள் சில கழித்து அப்பெண்மணி கடன் கேட்டு வரும்போது, அவருடைய கணக்கில் வரவே இருப்பதில்லை. பிணை இல்லாத சிறுகடனுக்கு நாங்கள் பார்க்கக்கூடிய சான்றுகளில் முதன்மையானது கணக்கில் தொடர்ந்து வரும் சிறுசிறு வரவுகள். உழைத்தவரின் பெயருக்கு அந்தச் சான்று சேரவில்லை. தைப்பவர் யாரோ அவர் பெயரிலேயே கணக்கும் க்யூஆர் அட்டையும் இருக்க வேண்டும் என்பதை நான் எவரிடமும் வற்புறுத்தத் தயங்குவதில்லை. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் நன்று. திறன்பேசித் திரையில் ‘அனுப்பிவிட்டேன்’ என்று காட்டுபவரை நம்பிப் பொருளைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் இட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

சனிக்கிழமைச் சந்தை பின்னர் வாரத்தின் பெரும்பாலான நாள்களுக்கு விரிந்துவிட்டது. வளர்ச்சி என்றே எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு அது முழு நன்மையாக முடியவில்லை என்பது என் கருத்து. ஒரு நாள் என்றால் பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வரலாம். அன்றைய சமையலை முன்னிரவே முடித்துவிடலாம். ஐந்து நாளும் விரிப்பு விரிக்க அவர்களால் இயலாது, இடம் காலியாகும், வாங்கி விற்கும் வணிகர் அதில் அமர்வார். இதற்கு அங்குள்ள சுயஉதவிக் குழுவினர் சிலர் கண்ட வழி முறைவைத்து விற்பது. ஐவரின் பொருளை ஒருவர் கொண்டுசெல்வார். ஒவ்வோர் உருப்படியிலும் செய்தவரின் அடையாளமாக ஒரு நிற நூல் கட்டியிருக்கும். விற்றதும் அந்த நூலை அவிழ்த்து டப்பாவில் போட்டால், மாலையில் டப்பாவே கணக்குச் சொல்லும். விற்கப் போனவருக்கு அன்றைய நாட்கூலியை ஐவரும் பகிர்ந்து தருவார்கள். அந்தக் கூலியைத் தர மறந்த குழுக்கள் நெடுநாள் நீடிக்கவில்லை.

மகாஜன் என்று அங்கே அழைக்கப்படும் முதலாளியிடம் துணியும் நூலும் பெற்று, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர்களே இன்னும் மிகுதி. அதை இழிவாகச் சொல்ல மாட்டேன். கூலி குறைவுதான், ஆனால் விற்காமல் தேங்கும் பயம் இல்லை, முதலும் தேவையில்லை. திறந்தவெளிச் சந்தைக்கு மழைக்காலம் மந்தமான காலம். துர்கா பூசைக்கு முன்னும், டிசம்பரில் பௌஷ மேளாவின்போதும், வசந்த காலத்தில் ஹோலியை ஒட்டியும் விற்பனை பெருகும். மழை மாதங்களில் கூலித்தையல், மற்ற மாதங்களில் சொந்தத் தையல் என்று இரண்டையும் கலந்து செய்பவர்களின் கணக்கே பெரும்பாலும் சீராக இருந்தது.

கடனையும் இந்தப் பருவத்துக்கு ஏற்பவே அமைத்துக்கொள்ள வேண்டும். பிரதமரின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிப் பெறலாம். கேட்கும்போது, மாதத் தவணைக் கடனா, நடைமுறை மூலதன வரம்பா என்பதைக் கிளையில் தெளிவாகப் பேசுங்கள். தவணை ஜூலை மழையிலும் வரும்; விற்பனை வராது. வரம்பாக இருந்தால் எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. 40,000 ரூபாய் வரம்பில் பூசைக்கு முன் 25,000 எடுத்து மூன்று மாதத்தில் திருப்பினால், ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்று கொண்டாலும் 750 ரூபாய்தான் ஆகும். தையல் எந்திரம் போன்ற நிலையான பொருளுக்குத் தவணைக் கடன் பொருத்தம். துணிக்கும் நூலுக்கும் அன்று.

2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆனால் அது 18 மரபுத் தொழில்களுக்கு மட்டுமே உரியது. தையற்காரர், கூடை பாய் முடைபவர், மரபுப் பொம்மை செய்பவர், குயவர் அதில் உள்ளனர். பூத்தையல் தனித் தொழிலாக இடம்பெறவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். பூத்தையல் செய்பவர்கள், ஜவுளி அமைச்சகத்தின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்வது நல்லது. அரசு நடத்தும் கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும். தொழிலை உத்யம் தளத்தில் பதிவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்டு வரும் இடைத்தரகரை விட்டு விலகி, ஆதார் அட்டையுடன் நேரே கிளைக்கு வாருங்கள். வரும்போது அந்தச் சிட்டக் கணக்கு எழுதிய நோட்டு இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். எழுத்து கோணலாக இருப்பதால் எந்த மேலாளரும் அதைத் தள்ளிவைப்பதில்லை.