சுதந்திர தேவிக்குள் ஓர் எட்டு

நியூயார்க் சுதந்திர தேவியை வெளியிலிருந்து பார்க்காதவர் யார்? சினிமா, சாவிக்கொத்து, பனியன் என்று எங்கும் அதே பச்சை முகம்தான். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், அது வேறு உலகம்!

தைத்த பாவாடையை உள்பக்கம் புரட்டிப் போட்ட மாதிரி, அம்மணியின் அங்கி மடிப்புகள் அத்தனையும் தலைகீழாகத் தெரிகின்றன. பச்சையின் சுவடே இல்லை, பழுப்பேறிய செம்புதான். தடிமன் 2.4 மில்லிமீட்டர், அவ்வளவே! இந்த மெல்லிய தோலைத் தாங்குவது ஐஃபெல் வடிவமைத்த இரும்புக் கூடு. ஆமாம், பாரிஸ் கோபுரத்துக்காரரேதான். பிரான்சிலிருந்து 1885-இல் 214 பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கியவள் இவள்.

பீடத்திலிருந்து கிரீடத்துக்கு 162 படிகள். லிஃப்ட் கிடையாது. குறுகலான சுழல் படிகளில் மூச்சு வாங்க ஏறினால், திடீரென்று முகத்தின் மறுபக்கம்! மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், உதட்டுக்கும் பள்ளம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

1984-இல் தொடங்கிய பழுதுபார்ப்பின் கதை இன்னும் ருசி. கடல் ஈரத்தில் செம்பும் இரும்பும் ஒட்டி நின்றதில் இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பியிருந்தன. அவற்றைக் கழற்றி எவர்சில்வர் மாட்டினார்கள். உள்ளே அப்பியிருந்த பழைய தாரைச் சுரண்டியது எதைப் பீய்ச்சி என்று நினைக்கிறீர்கள்? சமையல் சோடா! தலையையே சுமார் இரண்டடி தள்ளிப் பொருத்தியிருந்ததும் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. கிரீடத்தின் கதிர் ஒன்று கையில் உரசிக்கொண்டிருந்ததாம்.

தீவத்திக்கோ யாரும் ஏற முடியாது. 1916-இல் பக்கத்து பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கை ஜெர்மன் உளவாளிகள் தகர்த்ததோடு அந்த வழி மூடப்பட்டது. கவலை வேண்டாம், பழைய தீவத்தியே கீழே அருங்காட்சியகத்தில் கண்ணுக்கு நேரே நிற்கிறது. செம்பை வெட்டி ஜன்னல் ஜன்னலாகக் கண்ணாடி பதித்ததில் மழை ஒழுகி ஒழுகியே கெட்டுப்போன தீவத்தி அது. மேலே இப்போது மின்னுவது 1986-இல் வைத்த தங்க ரேக்குச் சுடர். முகத்தின் முழு அளவுச் செம்பு நகலும் இங்கே உண்டு. தொட்டே பார்க்கலாம்!

கிரீடமா, அருங்காட்சியகமா என்றால் என் ஓட்டு அருங்காட்சியகத்துக்கே. 2019-இல் திறந்தது. படகுச் சீட்டிலேயே அதற்கும் அனுமதி அடக்கம். கிரீடச் சீட்டு தனி, சீக்கிரம் தீர்ந்துவிடும். முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.