லெவல் 4 என்றால் எவ்வளவு?

பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து, வைத்தியசாலைப் பயிற்சியும் ஒரு கட்டத்துக்கு வந்த பிறகு அப்பா வீட்டில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார். பொரளையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில், பாவித்த சாமான் கடையில் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று நின்றது. பிசியோதெரபி மிஸ் எழுதிக்கொடுத்த துண்டை அதன் கைபிடியில் ஒட்டியிருந்தோம்: லெவல் 4, நிமிடத்துக்கு 60 சுற்று, 15 நிமிடம். வைத்தியசாலையில் இரண்டு கிழமையாக அதைச் சுகமாகச் செய்தவர், வீட்டில் ஐந்தாவது நிமிடம் கைபிடியில் சாய்ந்துவிட்டார். "தம்பி, திரும்பவும் அடைபட்டிட்டுது போல" என்றார்.

அன்றிரவு வீட்டில் ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அங்கே மிதித்ததும் வீட்டில் மிதித்ததும் ஒரே சைக்கிளா?"

லெவல் 4 என்பது ஓர் அளவு இல்லை. அந்தச் சைக்கிளைச் செய்தவர் தன் குமிழில் போட்ட நாலாவது கோடு, அவ்வளவுதான். ஒரு கம்பனியின் 4 இன்னொரு கம்பனியின் 7 ஆக இருக்கலாம். ஒரே கம்பனியின் இரண்டு சைக்கிள்கள்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். உண்மையான அளவு வாட். மிதியை எவ்வளவு விசையோடு, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது அது.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. உடற்பயிற்சி மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 வாட்டில் மிதித்தால் அவர் உடல் ஒரு கிலோவுக்கு நிமிடத்தில் 14 மில்லிலீற்றர் அளவில் ஒட்சிசன் கேட்கும். சும்மா இருக்கும்போது தேவைப்படுவதைப் போல இது நாலு மடங்கு. அதே ஆள் 70 வாட்டில் மிதித்தால் அது ஐந்தரை மடங்கைத் தாண்டும். சுகதேகிக்கு இது பெரிய விஷயம் இல்லை. நெஞ்சைத் திறந்து தைத்து இரண்டு மாதமான ஒருவருக்கு, அது நடப்பதற்கும் படியேறுவதற்கும் உள்ள தூரம்.

இறுக்கம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எண் ஏன் ஏமாற்றுகிறது என்பது விளங்கும். பழைய வகையில் முன்னால் சுழலும் கனத்த சில்லின்மேல் கம்பளி ஒட்டிய கட்டையோ ஒரு பெல்ட்டோ உராயும். குமிழைத் திருக, கேபிள் இழுபட்டு உராய்வு கூடும். கம்பளி தேயும், கேபிள் நீளும், சில்லின் விளிம்பில் துரு பிடிக்கும். பொரளையின் ஈரக்காற்றே போதும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பல்கனியில் வைத்தால் இன்னும் கெதியாகத் துருவேறும். குமிழில் அதே 4 நிற்கும், இறுக்கம் மாறிவிட்டிருக்கும்.

இப்போது கூடுதலாக விற்கப்படுவது காந்த வகை. சுழலும் உலோகச் சில்லுக்குப் பக்கத்தில் காந்தங்களைக் கொண்டுபோனால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது சில்லைப் பின்னிழுக்கும். ஒன்றோடொன்று தொடாததால் தேய்வு இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வது அரிது. உராய்வு வகையில் மிதிக்கும் வேகம் கூடினால் வாட்டும் அதே விகிதத்தில்தான் கூடும்: 60 சுற்றில் 40 வாட் என்றால் 75 சுற்றில் 50. காந்த வகையில் வேகம் கூடக்கூடப் பின்னிழுக்கும் விசையும் கூடுவதால், சாதாரண வேகங்களில் அதே 40 வாட் 75 சுற்றில் 60ஐத் தாண்டிவிடும். குமிழைத் தொடவே இல்லை. வானொலியில் வேகமான பாட்டு ஒன்று போனால் போதும்.

சூடும் சேர்ந்துகொள்ளும். மிதிப்பவரின் உழைப்பு பெரும்பாலும் அந்தச் சில்லில்தான் வெப்பமாகிறது. செம்போ அலுமினியமோ ஒரு பாகை சூடேறினால் அதன் மின்கடத்தும் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். 25 பாகை ஏறினால் பத்தில் ஒரு பங்கு பிடி தளர்ந்துபோகும்.

வாட்டைச் சரியாக அளக்கும் வழி நூறு வருடத்துக்கு மேலாகவே தெரியும். டென்மார்க்கின் ஓகஸ்ட் குரோக், 1920இல் நோபல் பரிசு பெற்றவர், 1913இலேயே மின்காந்தப் பிரேக் வைத்த அளவைச் சைக்கிள் ஒன்றை விபரித்து எழுதினார். 1954இல் சுவீடனில் வொன் டோபெல்ன் இன்னும் எளிமையான ஒன்றைக் கொண்டுவந்தார்: சில்லைச் சுற்றி ஒரு பெல்ட், அதன் இழுவையை ஊசல் ஒன்று நேரே காட்டும். அந்த வழியில் வந்த மொனார்க் சைக்கிள்களில் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லின் விளிம்பு 6 மீற்றர் ஓடும். ஒரு கிலோ இழுவையில் 50 சுற்று மிதித்தால் ஏறக்குறைய 49 வாட். கணக்கு ஒரு துண்டுக் கடதாசியில் முடிந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் ஊசலில் 4 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு, காட்டி 4இல் நிற்கிறதா என்று பார்க்கலாம். எனக்கு இந்த எளிமையில் பெரிய மரியாதை உண்டு.

இன்றைய நல்ல இயந்திரங்கள் அதையே மின்னணுவால் செய்கின்றன. மிதித்தண்டில் ஒட்டிய உணரி, தண்டு நுண்ணிய அளவில் முறுகுவதை அளந்து விசையைச் சொல்லும். ஜெர்மனியின் உல்ரிக் ஷோபெரர் 1986இல் இதைப் பந்தயச் சைக்கிளுக்கே கொண்டுவந்தார். வைத்தியசாலைகளுக்கான உயர்தர சைக்கிளில் 40 வாட் என்று சொல்லிவிட்டால், வேகமாக மிதித்தால் பிடியைத் தளர்த்தியும் மெதுவாக மிதித்தால் இறுக்கியும் அது 40ஐக் காத்துக்கொள்ளும். மலிவான சைக்கிளிலும் திரையில் வாட் ஓடும். அது பெரும்பாலும் அளந்த எண் இல்லை. "இந்த லெவலில் இந்த வேகம் என்றால் இவ்வளவு இருக்கும்" என்று தொழிற்சாலையில் எழுதி வைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டுவது. கேபிள் நீண்டதும் காந்தம் விலகியதும் அந்த அட்டவணைக்குத் தெரியாது.

பொரளைச் சந்தையில் மரக்கறி நிறுக்கும் தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் வருடந்தோறும் அதைப் பரிசோதித்து முத்திரை குத்துகிறது. கால் கிலோ போஞ்சிக்கு அந்தக் காவல் உண்டு. இதய நோயாளி மிதிக்கும் சைக்கிளையும் யாராவது அப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதுவரை வாங்குபவர் ஒன்று செய்யலாம். ஐரோப்பிய நியமத்தைப் பின்பற்றும் சைக்கிள்களின் ஸ்டிக்கரில் இரண்டு எழுத்து இருக்கும். முதலெழுத்து எச் என்றால் வீட்டுப் பாவனைக்கு, எஸ் என்றால் ஜிம்முக்கு. இரண்டாவதுதான் துல்லியம்: ஏ உயர்ந்தது, பி நடுத்தரம், சி மிகக் குறைந்தது. எங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதி உரிந்த ஸ்டிக்கரில் எச்-சி.

துடிப்பை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். மாரடைப்பு வந்தவர்கள் பலருக்குக் கொடுக்கும் பீட்டா புளொக்கர் மாத்திரை துடிப்பையே அடக்கி வைக்கும்; உடல் திணறினாலும் மணிக்கூட்டில் எண் அவ்வளவாக ஏறாது. அதனால்தான் பிசியோ மிஸ் சுவரில் மாட்டும் ஒரு அட்டையைத் தந்துவிட்டார். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையான அளவுகோல். "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டு, மிதிப்பவரே ஒரு எண் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அவர் குறித்தது 11 முதல் 13 வரை.

ஒரு சனிக்கிழமை விடிய நாங்கள் இருவரும் வீட்டுச் சைக்கிளை ஒவ்வொரு லெவலாகப் பார்த்தோம். ஐந்து நிமிடம் சும்மா மிதித்துச் சூடேற்றி, 60 சுற்றை விடாமல் பிடித்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எண் கேட்டேன். லெவல் 1இல் 9. லெவல் 2இல் 12. லெவல் 3இல் 15 என்றவுடன் நிறுத்திவிட்டோம். குமிழில் 2க்கு நேரே அம்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தோம். மிஸ்ஸுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். கேபிள் நீளும் என்பதால் மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யச் சொன்னார்.

கைபிடியில் இப்போது அந்தத் துண்டு இல்லை. பக்கத்து ஸ்டூலில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. நேற்றுக் காலை அப்பா தன் கையால் எழுதிய வரி: பொட்டு, 60, 15 நிமிடம், 12.