அரச காணியில் கூடாரம்: கண்டி மலைகள் உணர்த்தும் உண்மை

கொவிட்-19 தொற்றுக் காலத்தில் விடுதிகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது, மக்கள் நெருக்கமில்லாத வெளியொன்றில் கூடாரம் அடித்து, பணச் செலவின்றித் தங்க இயலாதா என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் எழுந்தது. மலையும் காடும் ஆறும் சூழ்ந்த கண்டிப் பிரதேசத்துக்கும் இக்கேள்வி பொருத்தமானதே. ஊர் முடக்கங்கள் நீங்கிவிட்ட போதிலும், மலைகளை நோக்கிக் கூடாரத்துடன் செல்லும் இளைஞர்களைக் காணும்போது, இது குறித்துச் சில விடயங்களைத் தெளிவுபடுத்துவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

இலங்கையில் 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்கு அமுலுக்கு வந்தது. 2021 ஆம் ஆண்டில் மே 21 முதல் ஜூன் 21 வரை பயணத்தடையும், ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கும் நடைமுறையில் இருந்தன. அதன் பின்னரும் மாகாணங்களுக்கிடையிலான பயணத்தடை அவ்வாண்டு ஒக்டோபர் இறுதி வரை நீடித்தது. மாகாண எல்லை என்பது வரைபடத்தில் உள்ள கோடு மட்டுமே என எண்ணியிருந்தோர் அந்த ஒக்டோபரில் அதன் வலிமையை உணர்ந்தனர். கண்டியும் மாத்தளையும் ஒரே மாகாணத்தில் அடங்கியமையால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் இரு பக்கங்களும் மத்திய மாகாணத்துக்கு உட்பட்டிருந்தன. ஆனால் கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, கூப்பிடு தூரம் எனச் சொல்லத்தக்க மாவனல்லையோ சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே உறவுகளைக் கொண்ட கண்டிக் குடும்பங்கள் பல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொது நிலத்தில் இலவசமாகத் தங்குதல் என்ற எண்ணம் வேறு நாடுகளின் சட்டங்களிலிருந்து வந்ததாகும். அமெரிக்காவில் மத்திய அரசின் நில முகாமைத்துவப் பணியகத்துக்குரிய பல இடங்களில் பொதுவாக 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். ஸ்கொட்லாந்தின் 2003 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்திலும் பொறுப்புடன் நடமாடவும் தங்கவும் உரிமை அளிக்கின்றது. எனினும் தொற்றுக் காலத்தில் இவ்வுரிமைகளும் தடைப்பட்டன. நியூசிலாந்தில் 2020 மார்ச்சில் முடக்கம் அறிவிக்கப்பட்டபோது, அரச முகாம் தளங்கள் மூடப்பட்டன. வாகனங்களில் சுற்றித் திரிந்தோர் ஓரிடத்தில் தரித்திருக்கப் பணிக்கப்பட்டனர்.

இலங்கையில் நிலப்பரப்பின் 80 வீதத்துக்கும் அதிகமானது அரசுக்குரியது எனப்படுகின்றது. ஆயினும் அதில் விரும்பியவாறு தங்கும் உரிமை எவருக்கும் வழங்கப்படவில்லை. கண்டியைச் சூழ்ந்த இடங்களை எடுத்து நோக்கினால் இது தெளிவாகும். உடவத்தகலை 1938 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. துனுமடலாவை வனம் கண்டி மாநகர சபையின் பொறுப்பில் உள்ள நீரேந்து பகுதியாகும். ஹந்தானை மலைத்தொடர் 2010 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. நக்கிள்ஸ், 2000 ஆம் ஆண்டு முதல் பேணல் வனமாகவும் 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் விளங்குகின்றது. அதனுள் தங்க விரும்புவோர் வனபரிபாலனத் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்று, உரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

எஞ்சியிருக்கும் பசுமையான சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களே. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் அரசுடைமையான இவற்றுள் பல, 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. கண்டியில் சில இன்னும் அரச நிறுவனங்களிடம் உள்ளன. வெளியிலிருந்து வருபவருக்கு அது வெற்று நிலமாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைப் பண்படுத்திய மலையகத் தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு, தாம் குடியிருக்கும் லயன் அறைக்குக் கூட உறுதிப்பத்திரம் இல்லை. ஓர் இரவு தங்க இலவச நிலம் தேடுவோர், வாழ்நாள் முழுவதும் உரித்தின்றி அங்கு வாழ்வோரை நினைவிற்கொள்ள வேண்டும். தொழிலாளர் நீர் அருந்தும் ஊற்றுக்கு மேலே கூடாரம் அமைப்பதும், கோடையில் காய்ந்த புற்றரையில் தீ மூட்டுவதும், பொலித்தீனை வீசிச் செல்வதும் அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். மழைக்காலத்தில் மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் தங்குவதோ உயிருடன் விளையாடுவதற்கு ஒப்பானது.

அவ்வாறாயின் வழிப்போக்கருக்கு இந்நாட்டில் இடமே இல்லையா? முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். தலாத்துஓயாவுக்கு அண்மையிலுள்ள கொடமுன்ன அம்பலம் போன்றவை, எவர் வந்தாலும் இளைப்பாறுவதற்கென எழுப்பப்பட்டவை. தமிழர் மடங்களையும் சத்திரங்களையும் அமைத்தனர். இஸ்லாம், ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரையும் சேர்த்துள்ளது. 2020 இல் கொழும்பில் சிக்கிய மலையக இளைஞர்களும், விமானமின்றித் தவித்த வெளிநாட்டவரும் இவ்வாறான ஓர் ஏற்பாட்டின் தேவையை நமக்கு உணர்த்தினர்.

ஆகவே மாநகர சபையும் பிரதேச சபைகளும் வனத்துக்கு வெளியே, மண்சரிவு அபாயமற்ற சில இடங்களைத் தெரிவு செய்து, குடிநீர், மலசலகூட வசதிகளுடன் குறைந்த கட்டணத்தில் தங்குமிடங்களாக்க முன்வர வேண்டும். அமைதிக் காலத்தில் அவை இளைஞருக்குப் பயன்படும். அதனால் கிட்டும் வருமானத்தில் ஒரு பங்கு அயலிலுள்ள தோட்ட மக்களைச் சென்றடைய வேண்டும். மீண்டும் ஓர் அனர்த்தம் நேர்ந்து பாதைகள் அடைபடும்போது, அவையே வழியில் சிக்கியோருக்குப் புகலிடமாகும். அடுத்த ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பின்னர் இடம் தேடத் தொடங்குவதை விட, இப்போதே அதற்கான திட்டத்தை வகுப்பது பொறுப்புள்ளவர்களின் கடமை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.