ஆப்பிரிக்க பெல்ஜியர்

ஆப்பிரிக்க பெல்ஜியர் என்போர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட பெல்ஜிய மக்கள் ஆவர். இவர்களுள் பெல்ஜிய ஆட்சியின் கீழ் இருந்த கொங்கோ, ருவாண்டா, புருண்டி ஆகிய நாடுகளின் வழிவந்தோர் குறிப்பிடத்தக்கவர்கள். பெல்ஜியம் தன் மக்களை இன அடிப்படையில் கணக்கெடுப்பதில்லை. ஆகையால் இச்சமூகத்தின் அளவைப் பிறந்த நாடு, பெற்றோரின் குடியுரிமை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றனர்.

வரலாறு

கொங்கோ 1885 முதல் இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் தனி உடைமையாகவும், 1908 முதல் பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடாகவும் இருந்தது. 1897 இல் தெர்வூரனில் நடைபெற்ற கண்காட்சிக்கு 267 கொங்கோ மக்கள் கொண்டுவரப்பட்டுக் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டனர். அவர்களுள் எழுவர் அங்கேயே இறந்தனர். பெல்ஜியத்தில் கல்வி கற்ற போல் பண்டா பர்னானா, 1919 இல் அங்கு வாழ்ந்த கொங்கோ மக்களுக்காக ஒரு சங்கத்தை நிறுவினார்.

குடியேற்றவாத அரசு கொங்கோ மக்கள் பெல்ஜியம் வருவதைக் கட்டுப்படுத்தியது. பெல்ஜியச் சுரங்கங்களுக்குத் தேவையான தொழிலாளர்கள் 1946 ஒப்பந்தப்படி இத்தாலியிலிருந்தும், 1964 ஒப்பந்தங்களின்படி மொரோக்கோ, துருக்கி ஆகிய நாடுகளிலிருந்தும் வரவழைக்கப்பட்டனர். இதனால் கொங்கோ மக்களின் வருகை 1960 விடுதலைக்குப் பின்னரே பெருகியது. முதலில் மாணவர்களும், பின்னர் அரசியல் ஏதிலிகளும் வந்தனர்.

மத்தொங்கே

பிரசெல்சு நகரின் இக்செல் பகுதியிலுள்ள மத்தொங்கே, இச்சமூகத்தின் வணிக, பண்பாட்டு மையமாகும். கின்சாசா நகரின் ஒரு பகுதியின் பெயரே இதற்கு வழங்கப்படுகிறது. இதன் அருகே ஒரு சதுக்கத்துக்கு, 1961 இல் கொல்லப்பட்ட கொங்கோவின் முதல் பிரதமர் பத்திரிசு லுமும்பாவின் பெயர் 2018 இல் சூட்டப்பட்டது.

பொதுவாழ்வில் இடம்

கொங்கோவில் பிறந்த கிசெல் மண்டைலா 2004 இல் நடுவண் அரசில் அரசுச் செயலாளரானார். 1975 இல் ஏதிலியாக வந்த பியேர் கொம்பனி, 2018 இல் கான்சொரன் நகர முதல்வராகத் தேர்வானார். இவரே பெல்ஜியத்தின் முதல் கறுப்பின நகர முதல்வர். இவருடைய மகன் வின்சென்ட் கொம்பனி தேசியக் காற்பந்து அணியின் தலைவராக விளங்கினார். பாடகர் இசுத்ரொமேயின் தந்தை 1994 ருவாண்டா இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்.

எனினும், தனிமனிதர் சிலரின் புகழ் சமூகம் முழுவதின் நிலையைக் காட்டுவதாகாது. மன்னர் போதுவன் அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொங்கோ, ருவாண்டா, புருண்டி வழிவந்தோருள் ஏறத்தாழ 60% உயர்கல்வி பெற்றவர்கள். ஆயினும் இவர்களிடையே வேலையின்மை நாட்டுச் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தது. பலர் தம் கல்வித் தகுதிக்குக் குறைந்த பணிகளையே செய்து வந்தனர்.

கடந்தகாலம் பற்றிய விவாதம்

குடியேற்ற ஆட்சியின்போது கலப்பினக் குழந்தைகள் பலர் தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்டு மதநிறுவனங்களில் வளர்க்கப்பட்டனர். இதற்காகப் பிரதமர் சார்லசு மிசெல் 2019 இல் மன்னிப்புக் கோரினார். இவ்வாறு பிரிக்கப்பட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில், இச்செயல் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என 2024 திசம்பரில் பிரசெல்சு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மன்னர் பிலிப் 2020 இலும், 2022 இல் கின்சாசாவிலும் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால் மன்னிப்புக் கோரவில்லை. இது குறித்து ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவும், மன்னிப்புக் கோருவது பற்றி உடன்பாடு எட்டாமலேயே 2022 திசம்பரில் தன் பணியை முடித்துக்கொண்டது.