கொத்தனார் கொடுத்த சூப்பு

இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் நாஜி ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தது. இத்துணைப் பெரிய எண்ணைப் பிஞ்சு உள்ளங்கள் எங்ஙனம் உணர இயலும்? ஆதலின், அக்கொடுமையிலிருந்து மீண்ட ஒருவரைப் பற்றி மட்டும் ஈண்டு எழுதுகிறோம்.

பிரிமோ லெவி 1919ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் பிறந்த யூதர், வேதியியல் பட்டதாரி. 1943 டிசம்பரில் பிடிபட்ட அவர், 1944 பிப்ரவரியில் போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குச் சரக்கு இரயிலில் கொண்டு செல்லப்பட்டார். அவர் இருந்த பெட்டியில் 45 பேர். அவர்களுள் வீடு திரும்பியோர் நால்வரே. மாணவச் செல்வங்களே, பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்கிறீர்கள் அல்லவா? அங்கே பெயரே இல்லை. இடக்கையில் பச்சை குத்தப்பட்ட 174517 என்னும் எண்ணே அவருக்குப் பெயராயிற்று.

அங்குக் கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது எது தெரியுமா? ரப்பர்த் தொழிற்சாலை! மரம் சீவி எடுக்கும் ரப்பர் போர்க்காலத்தில் ஜெர்மனிக்குக் கிட்டவில்லை. எனவே நிலக்கரியிலிருந்து செயற்கை ரப்பர் செய்ய முனைந்தனர். எத்தனையோ உயிர்களைக் குடித்த அவ்வாலையிலிருந்து ஒரு கிலோ ரப்பர்கூட வெளிவரவில்லை.

அங்கே சுவர் எழுப்ப வந்திருந்த இத்தாலியக் கொத்தனார் லொரென்சோ. அவர் கைதியல்லர், யூதருமல்லர், எழுத்தறிவும் குறைவு. கைதியோடு பேசுவதே குற்றமாயிருந்த அவ்விடத்தில், ஆறு மாத காலம் நாள்தோறும் லெவிக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தார். விடியுமுன் எழுந்து, தம் முகாமின் சமையற்கூட அண்டாக்களில் எஞ்சியதைச் சுரண்டி எடுத்த சூப்பு அது. ஒருநாள் அதில் மண் கலந்திருந்தது. "சூப்பு அழுக்காகிவிட்டது" என்று வருந்தினாரேயன்றிக் காரணம் கூறவில்லை. அருகில் குண்டு விழுந்து தம் செவிப்பறை கிழிந்ததை அவர் மறைத்துவிட்டார் என்பது பின்னரே தெரிந்தது. கைம்மாறாகப் பணம் வாங்க மறுத்தவர், கிழிந்த தம் காலணியைக் கைதிகளின் முகாமில் தைத்துத் தர மட்டும் இசைந்தார். அந்தச் சில நாளும் லெவியின் மரக்காலணியை அணிந்து நடந்தார்.

1945 சனவரியில், நடக்கக்கூடிய கைதிகளை நாஜிகள் கொடும்பனியில் ஓட்டிச் சென்றனர். அவர்களுள் பலர் மாண்டனர். கடுங்காய்ச்சலால் நோயாளர் கொட்டகையில் விடப்பட்ட லெவி பிழைத்தார். சனவரி 27இல் சோவியத் படை வந்தது.

தூரின் திரும்பிய லெவி, தாம் கண்டவற்றை நூலாக எழுதி 1947இல் வெளியிட்டார். பின்னர் ஒரு வண்ணப்பூச்சு ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தார், 1987இல் காலமானார். தாம் உயிரோடிருப்பதற்குச் சூப்பைக் காட்டிலும், நல்லவன் ஒருவன் வெளியே இருக்கிறான் என்னும் நினைவே காரணம் என அவர் கருதினார். தம் மகள், மகன் இருவர் பெயரிலும் லொரென்சோவின் பெயரை வைத்தார்.